ஐந்து வேளை ஸ்நானமும் ஏழு புடவைக் கொடியும்

1

இந்த ஆனி மாதத்தோடு நான் மைசூருக்குக் குடிவந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. அதை ஒட்டி எனக்கு ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ் கிடைக்க வேண்டியது. கிடைக்கவில்லை. எங்கள் தெரு மாதர் சங்கத்தார் போன வெள்ளிக்கிழமை அதை வேறொரு அம்மாளுக்குக் கொடுத்து, ஆரத்தி சுற்றி, பயற்றம்பருப்புக் கோசம்பரி விநியோகம் செய்து முடித்துவிட்டார்கள். என் பங்குக் கோசம்பரி பக்கத்து வீட்டு வழியாக வந்தது. அதில் உப்பு இல்லை.

மன்னார்குடியிலிருந்து பார்த்தால் மைசூர் அந்நிய தேசம்தான். என் அண்ணா இன்றைக்கும் கார்டு போட்டால் "உங்கள் தேசத்தில் மழை எப்படி?" என்றே ஆரம்பிக்கிறார். நான் மூன்று ரயில் மாறி வந்து இறங்கியபோது இங்கே மகாராஜா ஆண்டுகொண்டிருந்தார். சுதந்திரம் வந்த பிறகு இங்கத்து மகாராஜாவை ராஜப்பிரமுகர் என்கிறார்கள். நான் அன்றைக்கும் தமிழ்க்காரி, இன்றைக்கும் தமிழ்க்காரி. எனக்கு உத்தியோக மாற்றம் ஏதும் வரவில்லை.

அந்தச் சிமிழ் என் ஆசாரத்துக்காக. நாளைக்கு ஐந்து வேளை ஸ்நானம் செய்து மடி காக்கிற அம்மாள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான் என்று பிரசித்தி. இருபத்தாறு வருஷத்துப் பிரசித்தி. அதை ஒரே வாக்கியத்தில் போக்கிக்கொண்டேன். அந்த வாக்கியத்தை அது வரவேண்டிய இடத்தில் சொல்கிறேன். விஷயம் அருவருப்பானது. காப்பியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள்.

2

என் புக்ககம் மேல்கோட்டை வைஷ்ணவக் குடும்பம். உத்தியோகத்துக்காக மைசூருக்கு இறங்கி வந்தவர்கள். அவர்கள் வீட்டுத் தமிழ் அந்த மலைமேல் பல தலைமுறை தனியாக ஊறிய தமிழ். முதல் இரண்டு வருஷம் மாமியார் என்னை மெச்சுகிறாரா வைகிறாரா என்றே எனக்குப் புரியவில்லை. பிற்பாடு புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

நாலாவது பிரசவத்தில் ருக்மிணி பிறந்தாள். பெரிய குழந்தை, ஆயுதம் போட்டு எடுத்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு கோளாறு ஒட்டிக்கொண்டது. தும்மினால், இருமினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால், வாய்விட்டுச் சிரித்தால், மூத்திரம் கசியும். சில சமயம் சொட்டு, சில சமயம் கரண்டி. சொல்லிவிட்டேன். பத்திரிகைக்காரர்கள் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு அங்கே மூன்று புள்ளி வைக்காமல் இருக்கவேண்டும்.

அந்த வருஷம் மாமனார் ச்ராத்தம். குளித்து மடி உடுத்திக்கொண்டு தளிகை செய்துகொண்டிருந்தேன். ச்ராத்தத்தில் மிளகாய் கிடையாது, எல்லாவற்றுக்கும் மிளகுதான். வறுத்த மிளகைப் பொடிக்கிறபோது தும்மல் வந்தது. ஒன்றில்லை, நாலு. புடவை நனைந்துவிட்டது. அந்தப் புடவையோடு நின்றுகொண்டு பித்ருக்களுக்கு அன்னம் வடிப்பதா? கிணற்றடிக்கு ஓடித் தலையோடு ஊற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்தேன். சொட்டுகிறபோது எது எந்தச் சொட்டு என்று யாருக்கும் தெரியாது. அது ஒரு சௌகரியம்.

"ஏண்டி மறுபடியும் குளிச்சே?" என்றார் மாமியார்.

"மேலே ஒரு தலைமயிர் விழுந்தாப்பலே இருந்ததம்மா. மடி போயிடுத்தோன்னு சந்தேகம்."

புக்ககம் வந்து அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் கண்ணில் எனக்கு ஒரு மரியாதையைப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் செய்தி தெருக்கோடி போய்த் திரும்பி வந்தது. ஒற்றை மயிருக்காகத் தலை முழுகினாளாம்!

அன்று பிடித்தது. கசிந்தபோதெல்லாம் ஸ்நானம்; ஸ்நானம் செய்தபோதெல்லாம் புகழ். மார்கழிக் குளிரில் எனக்கு இருமல் கூடும், ஆகவே பக்தியும் கூடும். சளி பிடித்த வாரங்களில் பக்கத்து வீட்டு மாமிகள் என் கையால் தீர்த்தம் வாங்கிக்கொள்ள வருவார்கள். நான் ஹாஸ்யக் கட்டுரை எழுதுகிறவள். சங்கத்தில் யாராவது என் கட்டுரையை வாசித்துச் சபை சிரிக்க ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன். "என்ன அடக்கம் பாருங்கோ!" என்பார்கள். எனக்குக் குமட்டும். வாடை அடிக்கிறதோ என்று எந்நேரமும் என் மூக்கு என்னையே காவல் காத்துக்கொண்டிருக்கும்.

ஆசாரத்தில் எனக்கு அடுத்த ஸ்தானம் சங்கக் காரியதரிசி அம்புஜம் மாமிக்கு. என்னைவிடப் பத்து வயது பெரியவர். யார் வீட்டுக்குப் போனாலும் தம்முடைய கம்பளி ஆசனத்தைக் கையோடு கொண்டுவந்து விரித்துத்தான் உட்காருவார். பிறத்தியார் பாய் அவருக்கு ஆகாது. நானும் அவரும் பத்து வருஷமாகச் சங்கத்தில் முதல் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், ஆசாரத்தின் இரண்டு தூண்கள் மாதிரி.

3

வைத்தியம் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். மூக்குக்கண்ணாடி போட்டு அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சீட்டு எழுதுகிறவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஜில்லாவே வரிசையில் நிற்கிறது. எனக்குப் பின்னால் எங்கள் பால்காரன். அவனுக்குப் பின்னால் எதிர்வீட்டு மாமா.

"ஏனம்மா தொந்தரே?" என்று அந்த மனிதர் ஊருக்கே கேட்கிற மாதிரி என் தொந்தரவை விசாரித்தார்.

என் கன்னடம் கத்தரிக்காய் வாங்கவும் பால்காரனோடு சண்டை பிடிக்கவும் போதும். இதைச் சொல்ல எனக்குத் தமிழே போதாது. "தலே நோவு," தலைவலி என்றேன். எழுதிக்கொண்டார். அங்கே போ, இங்கே போ என்று கடைசியில் கண் டாக்டரிடம் கொண்டுபோய் விட்டார்கள். சுவரில் தொங்கினது கன்னட எழுத்து. நான் அதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அவர் பார்வை மோசம் என்று தீர்மானித்துவிட்டார். அந்தக் கண்ணாடிதான் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. போட்டுக்கொண்டால் உலகம் லேசாக மங்கும். ஒரு விதத்தில் நல்லது.

இன்னொரு தடவை என் ஆத்துக்காரரை டாக்டரிடம் தூது அனுப்பினேன். அவருக்கு நான் சொன்னது பாதி. அவர் அங்கே சொன்னது அதில் பாதி. "ஆத்துலே கொஞ்சம் பலவீனம்" என்றாராம். டானிக் வந்தது. இருபத்தாறு வருஷமாக மாதம் தவறாமல் அந்த டானிக்கை நினைவாக வாங்கி வருகிறார். நல்ல மனுஷர். நான் அதைத் துளசிமாடத்தில் ஊற்றுகிறேன். துளசி தழதழவென்று இருக்கிறது.

4

ருக்மிணி பெங்களூரில் ஒரு பெண்கள் ஹைஸ்கூலில் டிரில் டீச்சர். கயிறு தாண்டச் சொல்லிக்கொடுப்பாள், ரிங் டென்னிஸ் ஆடுவாள், நாற்பது பெண்களை வெயிலில் நிறுத்தி "ஒந்து, எரடு, மூரு, நால்கு" என்று கன்னடத்தில் எண்ணி ஆட்டிவைப்பாள். தமிழ் எழுதத் தெரியாது. கோபம் வந்தால் கன்னடம், பசி வந்தால் தமிழ். என் ஸ்நானத்தைச் சின்ன வயசிலிருந்தே பரிகாசம் செய்தவள் அவள் ஒருத்திதான். "சாக்கம்மா நின் மடி!" உன் மடி போதுமம்மா என்பாள். அவள் அப்படிச் சொல்கிறபோது எனக்கு உள்ளூர சந்தோஷமாக இருக்கும். ஒரு குழந்தையாவது தப்பித்ததே.

மாசியில் எங்கள் வீட்டில் அவளுக்குப் பெண் பிறந்தது. பெரிய குழந்தை. ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள்.

தீட்டெல்லாம் கழிந்த பிறகும் ருக்மிணி ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளித்தாள். பிறகு மூன்று. பிறகு நாலு. தெருவுக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டதாம். சம்பந்தியம்மாள் பெங்களூரிலிருந்து எனக்கு நன்றி தெரிவித்து நாலு பக்கம் எழுதினார். நான் மட்டும் கொடியில் அவள் புடவைகள் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு நாள் தொட்டில் துணி மடிக்கிறபோது நடுவிலிருந்து ஒரு காகிதம் விழுந்தது. இங்கிலீஷில் ராஜிநாமா. குடும்பக் காரணங்களாம். லீவு ஜூன் மாதத்தோடு முடிகிறது, பிறகு வருவதற்கில்லையாம்.

"ஏண்டி இது?" என்றேன்.

"குதிச்சது போறும்மா. ஆத்தோடே மடியா இருக்கேனே."

என் பொய் என் முகத்துக்கு நேரே, என் குரலிலேயே, வந்து நின்றது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரி" என்று காகிதத்தை மடித்து வைத்த இடத்திலேயே வைத்தேன். என் மேல் எனக்கு இருக்கிற அருவருப்பில் முக்கால்பங்கு அந்த ஒரு "சரி"க்காக.

5

மறுநாள் நர்ஸ் லூர்தம்மா வந்தாள். பிரசவமான வீடுகளுக்கு வாரம் ஒரு தரம் வந்து குழந்தையைப் பார்த்துப் போகிறவள். மார்டள்ளி என்கிற கிராமத்துக்காரி, கிறிஸ்தவ மதம், கொங்குச் சீமைத் தமிழ். அவள் தொட்டுவிட்டுப் போனால் நாங்கள் குளிப்போம் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகவே இரண்டு தடவை தொடுவாளோ என்று எனக்குச் சந்தேகம்.

கொல்லைப்புறம் கை கழுவப் போனவள் கொடியைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"ஏனுங்கம்மா, வூட்ல பொம்பளைங்க எத்தன பேருங்க?"

"நானும் இவளும்தான்."

"கொடியில ஏழு சீல காயுதுங்களே?"

"மடி," என்றேன், பெருமையோடு. வாய்ப்பழக்கம்.

"ஓ, மடிங்களா." தொட்டிலருகே உட்கார்ந்திருந்த ருக்மிணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இருமுனா வருதுங்களா, தும்முனா வருதுங்களா?"

தெருவே இருபத்தாறு வருஷமாக அந்தக் கொடியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இந்த மனுஷி அரை நிமிஷத்தில் அதை வாசித்துவிட்டாள். எனக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்தது. "ரெண்டும்," என்றேன்.

"நங்கேனில்லா, எனக்கு ஒண்ணுமில்லே," என்று ருக்மிணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இருக்கட்டுங்க. நீங்க டிரில் டீச்சரம்மாதானுங்களே? ஒண்ணு சொல்லுங்க. ஒரு சதைய வேல வாங்காம வுட்டா என்னாவும்?"

"தளர்ந்து போயிடும்," என்றாள் ருக்மிணி, வேண்டா வெறுப்பாக.

"அவ்ளோதானுங்க சமாச்சாரம். கீழ, தொட்டிலுத் துணியாட்டம் ஒரு சதை இருக்குதுங்க. மூத்திரப்பையத் தாங்கறது அதுதான். பெரசவத்துல இழுபட்டுத் தொங்கிப்போவுது. அதுக்கும் டிரில்லு உண்டு. சீமையில படிச்சு வந்த எங்க லேடி டாக்டரம்மா சொல்லிக்குடுத்தாங்க."

என்னைக் கட்டிலில் முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னாள். கையுறை மாட்டிக்கொண்டு, சரியான சதைதான் இறுகுகிறதா என்று விரலால் பார்த்தாள். என் மடியின் கதி அன்று என்னவாயிற்று என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

"சபையில காத்துப் பிரியாம அடக்குவீங்கல்ல, அப்படிப் பிடிங்க. பிடிச்சு மேலாக்க இழுங்க. அம்மா, மொகத்த ஏனுங்க இறுக்கறீங்க? மொகத்துலயா ஒழுவுது? வயித்த விடுங்க. தொடைய விடுங்க. மூச்ச அடக்காதீங்க. அஞ்சு எண்ணுங்க. இப்ப முச்சூடும் விட்டுடுங்க. விடறதும் கணக்குதானுங்க."

ஐந்து எண்ணும்வரை பிடிப்பு, ஐந்து எண்ணும்வரை ஓய்வு. அப்படிப் பத்து, நாளைக்கு மூன்று வேளை. முதலில் படுத்து, பழகினபின் உட்கார்ந்து, அப்புறம் நின்றுகொண்டு. தும்மல் வருகிறது என்று தெரிந்தால் முதலில் இறுக்கிக்கொண்டு அப்புறம் தும்மவேண்டும். கசியுமே என்று நான் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன். மூத்திரம் சுண்டி எரிச்சல்தான் மிஞ்சுமாம். மூன்று மாதம் விடாமல் செய்தால் பலன் தெரியும் என்றாள். பூரணமாகப் போகுமா என்றேன். "உங்களுக்கு முக்காவாசிங்க. மக சின்ன வயசு, பச்ச ஒடம்பு. சுளுவா தேறிக்குவாங்க," என்றாள். மகள் தொட்டிலையே ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இருபத்தாறு வருஷம். மூன்று மாதத்து வேலைக்கு. நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்ணிக்கை தப்பாமலிருக்கத் துளசிமணி மாலையை எடுத்து உருட்டினேன். கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, உதடு அசைய நான் உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்த அடுத்த வீட்டு மாமி கைகூப்பிவிட்டுப் போனாள். ஜபமாம். எதைச் செய்தாலும் இந்த ஊரில் எனக்குப் புண்ணியம் வந்து ஒட்டிக்கொள்கிறது, ஈ மாதிரி.

ருக்மிணி மட்டும் அசையவில்லை. "நீயும் செய்யேண்டி" என்றால், "நீ இத்தனை வருஷம் குளிச்சே சமாளிச்சயே, நான் சமாளிக்க மாட்டேனா?" என்றாள். அவள் படித்த பாடம் என்னுடையது. ராஜிநாமா தொட்டில் துணிக்குள்ளேயே இருந்தது.

6

சித்திரையில் ஒரு மத்தியானம் அம்புஜம் மாமி வந்தார். கூடத்தில் ஆசனத்தை விரித்து, அதன்மேல் பதமாக உட்கார்ந்தார்.

"வேதா, இந்த வருஷம் சிமிழ் உனக்குத்தான். கமிட்டியிலே ஒருத்தர் மறுபேச்சுப் பேசலை. உன்னை வேண்டாம்னு சொல்ல யாருக்கு வாய் வரும்?" ருக்மிணி பக்கம் திரும்பினார். "ருக்கு! நீயும் அம்மா வழிக்கு வந்துட்டயாமே! பேஷ்! அந்தக் குதிக்கற உத்தியோகத்தை விட்டுத் தொலைச்சயோ?"

"எழுதியாச்சு மாமி. நாளைக்குத் தபால்லே சேர்க்கணும்."

"அப்பாடா. அம்மாவைப் பார்த்துக் கத்துண்டாயே, அது போறும். உனக்கும் ஒரு நாள் சிமிழ் உண்டு, பாரேன்!"

தொட்டிலில் குழந்தை காலை உதைத்தது. முதல் சிமிழ் எனக்கு, இரண்டாவது ருக்மிணிக்கு. மூன்றாவது யாருக்கு என்பது தெரிந்துபோயிற்று. வாயைத் திறந்தேன்.

"மாமி, இது மடியில்லே, எனக்கும் இவளுக்கும் மூத்திரம் நிக்கறதில்லே, அதுக்குத்தான் குளிச்சுக் குளிச்சுச் சாகறோம்."

இதுதான் அந்த வாக்கியம்.

"சீ!" என்றார் மாமி. "சீச்சீ! என்ன பேச்சுடி இது? குடும்ப ஸ்த்ரீ பேசற பேச்சா? பச்சைக் குழந்தை கிடக்கற இடத்துலே..." கூடத்திலிருந்து வாசல்வரை அந்தச் "சீ" தொடர்ந்து கேட்டது. அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

ருக்மிணி வெளுத்துப்போய் நின்றாள். "யாக்கம்மா ஹேளிதே? ஏன் சொன்னே? என்னையும் சேர்த்து ஏன் சொன்னே?" கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் அழுதாள். கைக்கு அகப்பட்டதை எறியத் தேடினாள். அகப்பட்டது மாமி மறந்துவிட்டுப் போன ஆசனம். தூக்கியவள் எறியாமல் நின்றாள்.

"அம்மா, இது கம்பளி மாதிரி இல்லே. கனக்கறது."

வாங்கித் திருப்பினேன். அடிப்பக்கம் முழுக்க, பொடித் தையலாக, சிவப்பு ரப்பர் ஷீட் தைத்திருந்தது. எங்கள் தொட்டிலில் குழந்தைக்கு அடியில் போட்டிருக்கிறோமே, அதே ஷீட். அதைச் சுற்றிப் பழைய ஊசித் துளைகள், வரிசை வரிசையாக. எத்தனையோ தடவை பிரித்துப் புதிதாகத் தைத்திருக்கிறார்.

ருக்மிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. நான் முதலில் இறுக்கிக்கொண்டேன், அப்புறம் சிரித்தேன். ருக்மிணி இறுக்கவில்லை. பாதிச் சிரிப்பில் நின்று, புடவையைக் குனிந்து பார்த்து, கிணற்றடிக்குப் போகாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஆசனத்துத் துளைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அறுபது வயசும்மா அந்த மாமிக்கு," என்றாள். ஆசனத்தைத் திருப்பி வைத்துவிட்டு, "லூர்தம்மா என்னிக்கு வருவா?"

பத்து வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவருக்குக் கீழே ரப்பர், எனக்குக் கீழே ஈரம், எங்களுக்கு மேலே மின்விசிறி, எதிரே பெண்குலத்தின் பெருமையைப் பற்றி யாராவது ஒருத்தர் பேச்சு. இதைவிட அருவருப்பான ஒரு காட்சியை நான் கட்டுரையில் எழுதினால் மிகை என்பீர்கள்.

7

ஆசனத்தை ருக்மிணியே கொண்டுபோய்க் கொடுத்தாள், கம்பளி மேல்பக்கம் இருக்கும்படி நன்றாக மடித்து. மாமி ஜன்னல் வழியாகக் கை நீட்டி வாங்கிக்கொண்டாராம். நர்ஸ் எங்கள் வீட்டுக்கு வருகிற கிழமையை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன் என்றாள். பதில் வரவில்லை, ஜன்னலும் சாத்தவில்லை. போன மாதம் லூர்தம்மா, "உங்க வீதியில இன்னொரு வூடு சேந்துருக்குதுங்க. பேரு கேக்காதீங்க," என்றாள். நான் கேட்கவில்லை. சங்கத்துச் சிமிழை எனக்கு இல்லையென்று அடித்து எழுதினது காரியதரிசியின் கையெழுத்துதான். அதைப் பற்றியும் நான் கேட்கவில்லை.

இப்போது எனக்கு நாளைக்கு இரண்டு ஸ்நானம் போதும். சளி பிடித்தால் மூன்று. கிறிஸ்தவ நர்ஸின் சகவாசத்தால் ஆசாரம் கெட்டுவிட்டது என்று தெருவில் பேச்சு. தீர்த்தத்துக்கு யாரும் வருவதில்லை. காப்பி இரண்டாம் டம்ளர் குடிக்கிறேன்.

ருக்மிணி சித்திரையும் வைகாசியும் தரையில் படுத்து எண்ணினாள். அவள் "ஒந்து, எரடு" என்பாள், நான் "ஒண்ணு, ரெண்டு" என்பேன். ஐந்தில் இரண்டு பேரும் சேர்ந்து பிடிப்பை விடுவோம். ராஜிநாமாக் காகிதத்தைக் குழந்தைக்கு மை தீட்டுகிறபோது கை துடைத்துக்கொள்ள உபயோகித்தாள். ஜூனில் குழந்தையை எடுத்துக்கொண்டு பெங்களூர் ரயிலேறினாள்.

நேற்று ஒரு கார்டு வந்தது. தமிழ் எழுதத் தெரியாததால் கன்னடத்தில் இரண்டே வரி. நான் எழுத்துக்கூட்டுவதற்குள் என் ஆத்துக்காரர் வாங்கிப் படித்தார்.

"'கயிறு தாண்டினேன். நூறு.' இதென்னடி இது? டிரில் டீச்சர் கயிறு தாண்டினா அதுக்கு ஒரு கார்டா?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன், பாதியில் பாதியாக்காமல். அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் கண்ணாடியையும் கழற்றி வாங்கி, ஜன்னல் பக்கம் தூக்கி, அதன் வழியாக ஒரு தடவை பார்த்தார்.

சாயங்காலம் அலமாரியில் டானிக் பாட்டிலைக் காணோம்.